ஆயுத பூஜையன்று எடுத்த அளவு

எங்கள் ஆலை வாசலில், செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்துச் சுவரில் என் போட்டோ மாட்டியிருந்தது. ‘மனத்தகுதியில் முதலிடம்: பொற்கொடி, கிரேன் ஆபரேட்டர்’ என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு சின்னத் திரை. அதில் தினமும் ஓர் எண் ஏறும். ஆகஸ்டு மாதத்தில் அது இருநூற்று அறுபத்தொன்று. அத்தனை நாள் தொடர்ந்து எனக்குப் பச்சை. போட்டோவில் நான் சிரிக்கவில்லை. எடுத்தவர் இரண்டு தடவை சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று போய்விட்டார்.

அப்படி என்ன சாமர்த்தியம் என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. எனக்கு எதுவும் உறைக்கவில்லை, அவ்வளவுதான். வெயில் உறைக்கவில்லை, சோற்றில் உப்பு உறைக்கவில்லை, என் பெண் பேசுவதும் உறைக்கவில்லை. அதற்குப் பரிசு கொடுப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கோயமுத்தூருக்குக் கிழக்கே இருக்கிற வார்ப்பட ஆலை எங்களுடையது. காற்றாலைகளுக்கான பெரிய பாகங்களை இரும்பில் வார்க்கிறோம். மற்ற வேலைகளையெல்லாம் எந்திரங்கள் தாமாகவே பார்த்துக்கொள்ளும். உருகிய இரும்பைச் சுமக்கிற பெரிய வாளி இருக்கிறதே, லேடில் என்போம், அதை மட்டும் மனிதக் கைதான் நகர்த்த வேண்டும் என்று சட்டம். முன்பு எங்கோ வடக்கே ஒரு தானியங்கி கிரேன் எட்டு டன் இரும்புக் குழம்பை ஆட்கள் மேலேயே ஊற்றிவிட்டதாம். அதற்குப் பிறகு வந்த சட்டம் அது. மனிதன்தான் வேண்டும் என்று சட்டம் சொன்னது. கலங்காத மனிதனாக வேண்டும் என்று கம்பெனி சொன்னது. அப்படி வந்ததுதான் பட்டை.

நெற்றியில் கட்டுகிற கறுப்புப் பட்டை. கிரேன்காரர்கள் ஆறு பேர், கீழே லேடில் பக்கம் நிற்கிறவர்கள், எல்லோருமாக நாற்பது பேருக்கு அது கட்டாயம். ஷிஃப்டுக்கு முன்னால் அதைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். பச்சை விழுந்தால் கிரேனில் ஏறலாம், லேடில் பக்கம் போகலாம். மஞ்சள் விழுந்தால் கீழே மணல் வேலை. சிவப்பு என்றால் அன்றைக்கு வீடு. மொத்தம் பன்னிரண்டு சிவப்பு விழுந்தால் நிரந்தரமாகவே வீடு.

பட்டை வந்தது போன வருஷம் ஆயுத பூஜையன்று. ஒவ்வொருவருக்கும் முதலில் அவரவர் சொந்த அளவை எடுக்க வேண்டும், ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும் என்றார்கள். உலை ஓடுகிற நாளில் அதெல்லாம் நடக்கிற காரியமா? எங்கள் ஆலை முழுசாக நிற்பது வருஷத்தில் ஒரே நாள்தான். அன்றைக்கு எல்லா ஷிஃப்டுக்காரர்களும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். அதனால் அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர்கள் முடிவு செய்தார்கள். எல்லோருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

கிரேன் தூண்களில் வாழைக்கன்று கட்டியிருந்தது. கன்ட்ரோல் பலகைகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பொரி, கடலை, சுண்டல். பெண்கள் பட்டுப் புடவையில் வந்திருந்தார்கள். எங்கள் ஆபரேட்டர் வெள்ளிங்கிரி அண்ணன் மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயசு மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்படி ஓர் ஆட்டம். அவருடைய மகள் தாரணியை எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று மாப்பிள்ளை வீட்டார் அன்று காலைதான் ஃபோன் செய்திருந்தார்கள். ஆடி முடித்து, வேர்வையோடு அப்படியே போய்ப் பட்டை கட்டிக்கொண்டார்.

நான் வெளியே சைக்கிள் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தண்டபாணி போய் இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. துக்க வீட்டுக்காரர்கள் அந்த வருஷம் பண்டிகை கொண்டாட மாட்டோம், பூஜையிலும் நிற்க மாட்டோம். அளவு எடுப்பது கட்டாயம் என்று மெசேஜ் வந்ததால்தான் வந்தேன். பட்டையைச் செய்கிற மனத்தகுதிக் கம்பெனியிலிருந்து ஜெர்லின் என்ற நாகர்கோவில் பெண் வந்திருந்தாள். எல்லார் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் இருந்ததால் ஈரக் காகிதத்தால் ஒவ்வொருவருக்கும் துடைத்துவிட்டுப் பட்டையைக் கட்டினாள்.

என்னிடம் வந்ததும், “உங்களுக்குத் தொடைக்கவே வேண்டாம்க்கா, வேலை மிச்சம்,” என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து தினமும் சோதனை. முதல் நாள் ஆறு கிரேன் ஆபரேட்டர்களில் ஐந்து பேருக்குச் சிவப்பு. பட்டைதான் கோளாறு என்றார்கள். வேறு பட்டை வந்தது. மறுபடி சிவப்பு, மஞ்சள், சிவப்பு. எனக்கு மட்டும் பச்சை. ஒன்றிரண்டு மாதத்தில், பட்டையில் கோளாறு இல்லை, இந்த மனிதர்களின் மனசில்தான் கோளாறு என்று எல்லோரும் நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். சிவப்பு வாங்கியவர்களே நம்பியதுதான் கொடுமை. மனசைச் சரிசெய்ய மாத்திரை சாப்பிட்டவர்கள் உண்டு, பழனிக்கு நடந்து போனவர்கள் உண்டு.

காலை ஐந்தே முக்காலுக்கு ஆலை வாசலைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சந்தோஷமாக இருந்தால் அளவு கொஞ்சம் ஏறுகிறது என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஆளுக்கொரு மூலையில் நின்று ஃபோனில் காமெடி பார்ப்பார்கள். ஒருவர் ஜிலேபி வாங்கிவந்து தின்றுகொண்டிருப்பார். இன்னொருவர் தன் கைக்குழந்தையின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். எல்லோருமாகச் சிரித்துச் சிரித்துத் தொண்டை வறண்டு உள்ளே போவார்கள். இரண்டு நிமிடத்தில் சிவப்போடு வெளியே வருவார்கள்.

வெள்ளிங்கிரி அண்ணன் கதை இன்னும் மோசம். சாதாரணமாகவே அவர் சிரிக்க வைக்கிற ஆள். அவருக்கே தொடர்ந்து மஞ்சள். கிரேனிலிருந்து இறக்கி மணல் அள்ள விட்டுவிட்டார்கள்.

“ஏம் அம்மிணி, நீ காலைல என்ன பார்த்துட்டு வர்ற? அந்த வீடியோவ எனக்கும் கொஞ்சம் அனுப்பேன்,” என்றார் ஒருநாள்.

“ஒண்ணும் பாக்கறதில்லீங்ணா.”

“ஒண்ணும் பாக்காமயே இத்தன சந்தோசமா? குடுத்து வெச்ச மகராசி.”

கிண்டலாகத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் தண்டபாணி ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. ஏதாவது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மற்றவர்கள் இறங்க இறங்க, அவர்கள் ஷிஃப்டெல்லாம் என் தலையில் விழுந்தது. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவேன். லேடிலில் இரும்பு மஞ்சளாகக் கொதிக்கும். அதை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய் ஊற்றுவேன். வீட்டுக்குப் போய்ச் சமைப்பேன். என் பெண் வான்மதி பத்தாம் வகுப்பு. கோ-கோவில் மாவட்ட அணிக்குத் தேர்வாகிவிட்டாள் என்று சொன்னாளாம். “சரி, சாப்பிடு” என்று சொன்னேனாம். ஒரு மாதம் கழித்து அவளே இதை எனக்கு ஞாபகப்படுத்தினாள். அதற்கும் நான் “அப்படியா” என்றுதான் சொன்னேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து மதி கத்தினாள். “கொடீ... துண்டு!”

தண்டபாணி ஒருநாள்கூடத் துண்டு எடுத்துக்கொண்டு குளிக்கப் போனதில்லை. பதினாறு வருஷம் இதே கத்தல், இதே இழுவை. மதி விளையாட்டுக்குத்தான் அப்படிக் கூப்பிட்டாள். நான் எழுந்து போய்த் துண்டைக் கொடுத்தேன். “எத்தன தடவை சொல்றது, எடுத்துட்டுப் போங்கன்னு,” என்று வாய் தானாகச் சொன்னது. சொல்லிவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அவர் போய்ப் பதினோரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் முதல்முறையாக அழுதேன். மதி ஈரத்தலையோடு வந்து என் மடியில் படுத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் சாப்பிட்ட வெங்காய சாம்பாரில் உப்பு ஜாஸ்தி. அது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை சிவப்பு.

செக்யூரிட்டி பட்டையைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு பட்டை கட்டினார்கள். சிவப்பு. ஆலையில் பச்சை ஆள் ஒருவர்கூட இல்லாததால் உலை காத்துக்கிடந்தது. ஜெர்லினை அவசரமாக வரவழைத்தார்கள். அவள் என்னை ஏ.சி. அறையில் உட்காரவைத்து, டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே, “நேத்து என்னக்கா நடந்துச்சு?” என்று கேட்டாள்.

துண்டு விஷயத்தைச் சொன்னேன்.

“இது நல்ல விஷயம்லா! அழுதது நல்லதுக்கா. இதுக்குச் சிவப்பு வரக் கூடாதே.”

“பட்டை அழுகையக் கண்டுபிடிக்கிறதில்லீங்களா?”

“இல்லக்கா. அதுக்கு நல்லது கெட்டது, சிரிப்பு அழுகை எதுவும் தெரியாது. மொத நாள் எடுத்த சொந்த அளவு இருக்கில்லையா, அதுலேர்ந்து இன்னைக்கு எவ்வளவு தள்ளி இருக்கீங்கன்னு மட்டும்தான் பாக்கும். தள்ளி இருந்தா சிவப்பு. அன்னைக்கு நீங்க எப்படி இருந்தீங்களோ...” பேச்சை நிறுத்திவிட்டுத் தேதியைப் பார்த்தாள். “அன்னைக்கு நீங்க எப்படிக்கா இருந்தீங்க?”

“அவரு போயி இருபத்து மூணாவது நாளுங்க.”

அவள் பட்டியல் முழுவதையும் மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்த்தாள்.

“எல்லாரையும் அன்னைக்குத்தான் எடுத்திருக்கோம். பூஜை, மேளம், குடும்பம் எல்லாம் பக்கத்துல. வருஷத்துலயே இவங்க சந்தோஷமா இருந்த ஒரே நாளு. அதைக் கொண்டுபோயி தினசரி அளவா வச்சிருக்கோம். எந்த மனுஷனால செவ்வாக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஆயுத பூஜை மாதிரி இருக்க முடியும்?” டேப்லெட்டை மேசையில் வைத்தாள். “முப்பத்தொம்பது பேருக்கா. அவங்க எல்லாரும் நல்லாத்தான் இருந்திருக்காங்க.”

“நான்தான் நல்லா இல்லீங்க,” என்றேன்.

“ஆமாக்கா. நீங்க மட்டும்தான் நல்லா இல்ல. அதான் தினமும் பச்சை.”

அன்றைக்கே அறிக்கை எழுதினாள். எல்லோருக்கும் ஒரு சாதாரண நாளில் புதிதாக அளவு எடுக்க வேண்டும் என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு நம்பிக்கை வந்தது. வெள்ளிங்கிரி அண்ணன் மேலே ஏறிவிடுவார். நானும் அழலாம், மறுநாள் வேலைக்கும் வரலாம். இரண்டுக்கும் நடுவில் சண்டை இருக்காது.

நான்கு நாள் கழித்து எச்.ஆர். மேனேஜர் அபினவ் சார் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். யாரையும் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

“ஜெர்லின் சொன்னது சரிதான் மேடம். அளவெடுத்த நாள் தப்பு. ஒத்துக்கறோம்.”

“அப்ப திரும்ப எடுப்பீங்களா சார்?”

“ஆளாளுக்குத் திரும்ப எடுத்தா, இதுவரைக்கும் இறக்கி விட்டவங்க, வீட்டுக்கு அனுப்பினவங்க எல்லாரும் கேள்வி கேப்பாங்க. நியாயமான கேள்விதான். எங்ககிட்ட பதில் இல்ல. அதனால வேற ஒண்ணு யோசிச்சோம். உங்க கையில லேடில் இருந்தப்ப ஒரு சொட்டுக்கூடச் சிந்தல. ஒரு தடவைகூட அவசர பிரேக் போடல. எங்க வரலாற்றுலயே இப்படி ஒரு வருஷம் கிடையாது. ஆளுக்கொரு அளவு வேண்டாம், எல்லாருக்கும் ஒரே அளவுன்னு முடிவு பண்ணியிருக்கோம். உங்க அளவு.”

“அது எங்க வூட்டுக்காரர் செத்த அளவுங்க சார்.”

“தெரியும் மேடம். ரொம்ப வருத்தமா இருக்கு.” உண்மையாகவே வருத்தப்பட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இப்ப அந்த அளவுக்கு நானே வர்றதில்லீங்களே.”

“அதுக்குத்தான் கூப்பிட்டோம். அவர் போன அன்னிக்கு நடந்தத உங்க குரல்லயே, மெதுவா, நடந்தபடி சொல்லுங்க. பதிவு பண்ணிக்கறோம். காலைல பட்டை கட்டறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் எல்லாரும் ஹெட்ஃபோன்ல கேப்பாங்க. நீங்களும் கேக்கலாம்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிரேனை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. மதியை நினைத்துப் பயந்துவிட்டேன். அந்தப் பயத்தை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

சொன்னேன். காலை ஆறேகாலுக்குப் பால் வாங்கப் போனார். கடைப் படியிலேயே விழுந்துவிட்டார். கையில் இரண்டு பாக்கெட். ஒன்று உடைந்து படியெல்லாம் பால். இன்னொன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதை எடுத்துவந்து எங்கள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். துக்க வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஃபிரிட்ஜைத் திறந்தபோது அது அப்படியே இருந்தது. பாலைக் கொட்டினேன். கவரைக் கழுவி மற்ற கவர்களோடு காயப்போட்டேன். கவரைக் காயப்போட்டபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

‘என் வீட்டுக்காரர்’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘உங்களுக்கு ரொம்ப வேண்டியவர்’ என்று மாற்றிப் பேசச் சொன்னார்கள். யார் கேட்டாலும் பொருந்த வேண்டுமாம். மூன்று தடவை பேசினேன். மூன்றாவது தடவை சொன்னபோது என் குரலில் எதுவுமே இல்லை. அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஜெர்லின் அந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். போகும்போது வந்து என் கையைப் பிடித்தாள்.

தினமும் காலையில் என் குரலை நானே கேட்டேன். முதல் வாரம் மஞ்சள். இரண்டாம் வாரத்திலிருந்து பச்சை. வீட்டில் மதி இப்போதெல்லாம் துண்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகிறாள்.

புதிதாக ஆட்களும் வந்தார்கள். மொட்டைத் தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்த ஓர் இளைஞன் முதல் நாளே பச்சை வாங்கினான். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன். அடுத்து வந்தவளுக்குக் குழந்தை தவறி ஒரு மாதமாம். இவர்களையெல்லாம் எங்கே பிடிக்கிறார்கள் என்று யோசித்தேன். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் எங்கள் ஆலை வேன் நின்றிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றை எச்.ஆர். பெண் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அடியில் குடும்பத்தாரின் பெயர்கள் இருக்கும் இல்லையா, அந்த இடத்தைக் கிட்டத்தில் வைத்து எடுத்தாள்.

வெள்ளிங்கிரி அண்ணனுக்கு அதற்குள் பதினொரு சிவப்பு ஆகிவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. செப்டம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் அவர் பட்டையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார். தலைக்கு மேலே பச்சை எரிந்தது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

“யாருங்ணா?”

“என்ன யாரு?”

“யாரு தவறிட்டாங்க? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லியே.”

“யாரும் இல்ல அம்மிணி. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க.” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். “நீ பேசறியில்ல, உங்களுக்கு வேண்டியவங்க படியில விழுந்து கெடக்கறாங்கன்னு. அதுக்கு யாரையாச்சும் வெச்சுப் பாக்கோணுமில்ல? மொதல்ல எங்கம்மாவ வெச்சேன். அது போயி பதினஞ்சு வருசம் ஆச்சு, மஞ்சளுக்கு மேல வரல. அப்பறம் பொண்டாட்டிய வெச்சேன். அதுக்கும் மஞ்சதான்.”

பழைய வெள்ளிங்கிரி அண்ணனாக இருந்தால் இந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்திருப்போம். இப்போது அவரே சிரிக்கவில்லை.

“அப்பறம் தாரணிய வெச்சேன். பச்சை.”

நான் பிடித்த கையை விடவில்லை.

“அவ கட்டிக்குடுத்த எடத்துல, ஓசூர்ல நல்லா இருக்கறா. எனக்குத் தெரியுது. ஆனா தெனமும் காலைல அஞ்சு நிமிசம் அவ இல்ல. ஃபோன் பண்ணுவா, நான் எடுக்கறதில்ல. கொரலக் கேட்டா எல்லாம் கலஞ்சிருது. மறுநா செவப்பு. இன்னொரு செவப்புக்கு எனக்கு எடமில்ல அம்மிணி.” என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். “நீ நல்லாப் பேசியிருக்கற. அந்தப் பால் கவரு விசயந்தான் அப்படியே ஆள இறுக்கிப்போடுது.”

ஏணியில் ஏறிப் போய்விட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் தம்பியை வைத்தார். ஒருவர், காலையில் தூக்கிக் கொஞ்சிவிட்டு வருகிற அந்தக் கைக்குழந்தையை வைத்தார். அந்த மாதக் கடைசியில் ஆலை முழுவதும் பச்சை. எல்லாம் என் குரல்.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. உலை நின்றது. தூண்களில் வாழைக்கன்று, பலகைகளில் சந்தனம். மேளக்காரர்களும் வந்திருந்தார்கள். அன்றைக்கு ஷிஃப்ட் இல்லாததால் பட்டையும் இல்லை, ஹெட்ஃபோனும் இல்லை. நான் உள்ளே போகலாம். தண்டபாணிக்கு வருஷத் திதி முடிந்துவிட்டது. புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தவள், சைக்கிள் ஷெட்டைப் பார்த்து நின்றுவிட்டேன்.

எல்லோரும் அங்கே நின்றிருந்தார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. யார் நெற்றியிலும் ஒன்றும் இல்லை. குடும்பத்தை யாரும் கூட்டிவரவில்லை. துக்க வீட்டுக்காரர்கள் எப்படி நிற்பார்களோ, அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றார்கள். நாளைக்குப் பட்டை கட்ட வேண்டும். இன்றைக்குக் கொஞ்சம் சிரித்துவிட்டால் நாளைக்குச் சிவப்பு.

உள்ளே அபினவ் சார் கற்பூரத் தட்டோடு தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் மட்டும் போனேன். என் கிரேனைத் தொட்டுக் கும்பிட்டேன். சந்தனம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். பொரிப் பொட்டலங்கள் மேசையில் அடுக்கியபடியே இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பி வந்து வெள்ளிங்கிரி அண்ணன் பக்கத்தில் நின்றேன்.

அவர் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் தாரணி கல்யாணப் புடவையில் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஸ்கூட்டர் சீட்டில் அதைக் கவிழ்த்து வைத்தார். நின்று, மறுபடி அடித்தது. அந்த ஷெட்டில் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் எடுத்தேன்.

“அப்பா!”

“அப்பா இல்ல கண்ணு. பொற்கொடி அத்தை.”

“அத்தை, நல்லாருக்கீங்களா? இன்னிக்கு ஆயுத பூஜையில்லீங்க, அப்பா ஆடிட்டு இருப்பாரு, எடுப்பாருன்னு நெனச்சேன். ஒரு மாசமா ஃபோனே எடுக்க மாட்டேங்கறாருங்கத்தை. அம்மாவக் கேட்டா வேல ஜாஸ்திங்குது. எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா? நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு கேட்டுச் சொல்றீங்களா?”

வெள்ளிங்கிரி அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், சொல்லாதே என்று. அவருக்கு இன்னும் ஐந்து வருஷம் வேலை இருக்கிறது. எனக்கு அது தெரியும். அவருக்கு அந்தப் பேச்சைக் கொடுத்தவள் நான்தான் என்பதும் தெரியும்.

“நீ ஒரு தப்பும் பண்ணல கண்ணு. இப்பவே பஸ் ஏறு. வந்து உங்கப்பா முன்னால நில்லு.”

“அப்பாவுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?”

“ஒடம்பெல்லாம் நல்லாருக்குது. நீ நேர்ல வா.”

பேச்சை முடித்து ஃபோனை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே யாரும் ஆடாததால் மேளக்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

“பன்னண்டாவது செவப்பு போட்டு உட்டுட்ட அம்மிணி,” என்றார்.

“போட்டுட்டனுங்ணா.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். தாடை மட்டும் ஏதோ மெல்லுவதுபோல் அசைந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

“எத்தன மணிக்கு வருவா?” என்று கேட்டார்.

“அஞ்சு, அஞ்சரை ஆகுமுங்ணா,” என்றேன். பொரிப் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் கொஞ்சம் கொட்டினேன்.